வேர் சிகிச்சை: வலி நின்ற பிறகும் வேலை பாதி இருக்கிறது



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் மனுக்களில் பல் சம்பந்தமானவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வருகின்றன. பல்லுக்கெல்லாமா உதவி கேட்பார்கள் என்று கமிட்டியில் முன்பு சிலர் முகம் சுளித்ததுண்டு. அதில் நாமும் அடக்கம். அந்த முகச்சுளிப்புக்கு ஒரு சகோதரி விலை கொடுத்தார். அதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.

வீட்டில் தையல் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகி, இரவெல்லாம் தூங்காமல் இருந்து, பல் டாக்டரிடம் போனார். வேர் சிகிச்சை செய்து அதன்மேல் கேப் போட வேண்டும் என்று இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதிக் கொடுத்தார் டாக்டர். நம் கமிட்டி வேர் சிகிச்சைக்கு மட்டும் பணம் கொடுத்தது. கேப் என்பது அழகுக்காகப் போடுவது, அதற்கு ஸதகாப் பணத்தைத் தொட முடியாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நாமே கையெழுத்தும் போட்டோம்.

ஏழு மாதம் கழித்து ஒரு நிக்காஹ் விருந்தில் நெய்ச்சோற்றில் கிடந்த சிறு எலும்பைக் கடித்தார். பல் நடுவில் வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. இனி பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அலுவலகம் வந்தபோது, கன்னத்தில் முந்தானையை வைத்துக்கொண்டு அவர் நம்மிடம் சொன்னது இதுதான்: "காக்கா, நீங்க தந்த காசு வீணாப் போச்சு. மாப்பு செஞ்சுக்கிடுங்க."

மாப்புக் கேட்க வேண்டியவர் அவரல்ல. அன்று இரவே நமக்குத் தெரிந்த இரண்டு பல் மருத்துவர்களிடம் போய் உட்கார்ந்து, வேர் சிகிச்சை என்றால் என்ன, கேப் எதற்கு, எங்கே நம் மக்கள் தவறு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். அதைத்தான் இங்கே தருகிறோம்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல்லை நாம் கல் மாதிரி நினைக்கிறோம். வெளியே தெரியும் வெள்ளை ஓடு மட்டும்தான் அப்படி. அதற்குள் சற்று மென்மையான ஒரு அடுக்கு. அதன் நடுவில் ஒரு சிறிய அறை. அந்த அறையில் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்சதை இருக்கிறது. பல் கூழ் என்று பாடப் புத்தகங்களில் எழுதுவார்கள். நம் வீடுகளில் நரம்பு என்றே சொல்கிறோம். இந்த அறையிலிருந்து நூல் போன்ற குழாய்கள் வேரின் நுனி வரை இறங்கித் தாடை எலும்போடு தொடர்பு வைத்திருக்கின்றன. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. முன்பல் வேர் சிகிச்சையை விடக் கடைவாய்ப் பல்லுக்கு நேரமும் செலவும் ஏன் கூடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். காரணம் இந்த எண்ணிக்கைதான்.

சொத்தை மேல் ஓட்டில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. உள் அடுக்குக்குப் போனதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுத்து உடனே நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் போனால் சாதாரணமாக அடைத்து அனுப்பிவிடுவார்கள். வேர் சிகிச்சையே தேவைப்படாது. செலவும் சொற்பம். ஆனால் இந்தக் கட்டத்தில் பல் டாக்டரிடம் போகிறவர்களை நம் ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த கட்டம் வேறு மாதிரி. சூடான டீ குடித்தால் வலி கிளம்பும், குடித்து முடித்த பிறகும் நிமிடக் கணக்கில் நிற்காது. ஒன்றும் சாப்பிடாமலே தானாக வலிக்கும். படுத்தால் இன்னும் கூடும். காது, நெற்றிப்பொட்டு என்று பரவி, எந்தப் பல் என்றே காட்டத் தெரியாது. உள்ளே இருக்கும் மென்சதை வீங்கி, விரிய இடமில்லாமல் கெட்டியான சுவருக்குள் நெரிபடுவதால் வரும் வலி இது. இந்தச் சதை இனிப் பழைய நிலைக்குத் திரும்பாது. இங்கிருந்து வழிகள் இரண்டுதான்: ஒன்று வேர் சிகிச்சை, இன்னொன்று பல்லைப் பிடுங்குவது.

வலி நிற்பது எப்போதும் நல்ல செய்தியல்ல

பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மூன்று நான்கு நாள் துடித்த வலி ஒரு நாள் காலையில் தானாக நின்றுவிடும். அல்ஹம்துலில்லாஹ், கிராம்பு வைத்தது கேட்டுவிட்டது என்று டாக்டரிடம் போகும் எண்ணத்தையே விட்டுவிடுவோம். உண்மையில் உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். செத்த சதையில் கிருமிகள் பெருகி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, அங்கே எலும்பை மெல்ல அரிக்கின்றன. எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியில் கறுப்பு நிழலாகத் தெரியும். இது மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். ஈறில் சிறு கொப்புளம் தோன்றி அவ்வப்போது உடைந்து உப்புக் கரிக்கிற மாதிரி ஒரு சுவை வரும். பிறகு உடல் சோர்ந்த ஒரு நேரத்தில் கன்னம் வீங்கும்.

கிராம்பு எண்ணெயில் மரக்கச் செய்யும் பொருள் உண்டு என்பது உண்மை. ஓர் இரவைத் தாண்ட உதவும். சொத்தையை அது ஆற்றாது. பஞ்சில் தோய்த்து நாள் முழுக்க வைத்திருந்தால் ஈறு வெந்துபோகும்.

மருந்துக் கடையில் "பல் வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று வாங்குவது இதைவிடக் கெடுதல். அந்தச் செட்டில் ஒரு வலி மாத்திரையும் ஓர் ஆன்டிபயாடிக்கும் இருக்கும். நரம்பு செத்துவிட்ட பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உள்ளே இருக்கும் நரம்பின் வீக்கத்தால் வரும் பெரும்பாலான பல் வலிகளுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லுக்கு நேரடி வைத்தியமே தேவை என்று சொல்லியிருக்கிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் டாக்டரே எழுதித் தருவார். வலி மாத்திரையிலும் கவனம் தேவை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைக்காரர் கொடுக்கும் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறோம். பல் வீக்கத்தோடு காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்குக்கு அடியில் அல்லது தாடைக்குக் கீழே கெட்டியான வீக்கம், கண்ணை மூடும் அளவுக்குக் கன்ன வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் பல் கிளினிக்கின் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடு இரவானாலும் சரி. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவி மூச்சுக் குழாயை அடைத்துவிடலாம். பல்லால் உயிர் போகுமா என்று கேட்பவர்களுக்குப் பதில், போகும்.

சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் எக்ஸ்ரே. பிறகு மரத்துப் போகும் ஊசி. வேர் சிகிச்சை என்றாலே பயங்கர வலி என்ற பேச்சு நம் பெண்களிடையே அதிகம். பல வேளைகளில் அவர்கள் சொல்லும் வலி சிகிச்சைக்கு முன்பு அனுபவித்த வலிதான். ஊசி வேலை செய்துவிட்டால் அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியாது. ஆனால் சீழ் கட்டி மிகவும் புண்ணாக இருக்கும் பல்லில் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. அப்போது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்காமல் கையைத் தூக்குங்கள். இன்னொரு ஊசி போடுவார்கள், அல்லது மருந்து வைத்து வேறொரு நாள் வரச் சொல்வார்கள். பெண்களும் வயசானவர்களும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பதாக அந்த மருத்துவர்களே நம்மிடம் வருத்தப்பட்டார்கள்.

பல்லின் மேலே சிறு துவாரம் போட்டு, அரம் போன்ற மெல்லிய ஊசிகளால் ஒவ்வொரு குழாயையும் நுனிவரை சுத்தம் செய்து, கிருமி நாசினி நீரால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். மருந்து நீர் தொண்டைக்குப் போகாமலும் எச்சில் பல்லுக்குள் வராமலும் இருக்கச் சில டாக்டர்கள் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுவார்கள். வாயை மூடிக் கட்டுகிறார்களே என்று பயப்பட வேண்டாம். அது நல்ல கிளினிக்குக்கு அடையாளம்.

சுத்தமான குழாய்களைக் கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார்கள். இந்தப் பெயரில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. இது மலாய் மொழிச் சொல். மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகிக் கிடைப்பது. ரப்பருக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஒரு காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் உறையாகச் சுற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே பல் வைத்தியத்துக்கும் வந்துவிட்டது. நம் பாட்டனார்கள் சபுர் போன நாட்டின் மரப்பால் பேரப்பிள்ளைகளின் பல்லுக்குள் இருக்கிறது!

வேலை ஒரே தடவையில் முடியலாம். சீழ் இருந்தால் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது லேசாக நோவு இருப்பது வழக்கம். வீக்கமோ, நாளுக்கு நாள் கூடும் வலியோ வந்தால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். ஊசியின் மரப்பு விலக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடாக எதையும் சாப்பிட வேண்டாம். உதடு வெந்தாலும் கடிபட்டாலும் தெரியாது.

பாதியில் விடுவது

முதல் தடவை போய் வந்ததும் வலி போய்விடுகிறது. மேலே தற்காலிகமாக ஒரு சிமென்ட் வைத்து அனுப்புகிறார்கள். அடுத்த தேதியில் விருந்தாளி வந்துவிடுவார்கள், பிள்ளைக்குப் பரீட்சை, அல்லது கையில் பணமில்லை. தற்காலிகச் சிமென்ட் சில வாரம் தாங்கும். பிறகு ஓரத்தில் கசியத் தொடங்கும். கசிந்தால் எச்சிலும் கிருமியும் உள்ளே போய், சுத்தம் செய்த குழாய் மறுபடி அழுக்காகிவிடும். இம்முறை உள்ளே நரம்பும் இல்லாததால் வலித்துச் சொல்லவும் ஒன்றுமில்லை. பாதியில் விட்டு ஆறு மாதம் கழித்துப் போகிறவர்கள் அதே பல்லுக்கு மறுபடி முதலிலிருந்து பணம் கட்டுகிறார்கள், அல்லது பல்லை இழக்கிறார்கள். பணம்தான் காரணம் என்றால் தயவு செய்து அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி கேப்புக்கு வருவோம். சொத்தை ஏற்கெனவே பல்லின் பெரும்பகுதியைத் தின்றிருக்கும். குழாய்களை அடைய டாக்டரும் மேலே துவாரம் போட்டிருப்பார். மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். உளுத்த மரப்பெட்டியைப் போல, மேலிருந்து அழுத்தினால் பிளக்கும். நாம் மெல்லும்போது அழுத்தம் முழுக்கக் கடைவாயில்தான் விழுகிறது. ஆகவே வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் என்பது பீப்பாய்க்கு இரும்புப் பட்டை மாதிரி, சுவர்கள் விரிந்து பிளக்காமல் பிடித்துக்கொள்ளும். முன்பல்லில் சேதம் குறைவாக இருந்தால் சாதாரண அடைப்பே போதும் என்று டாக்டரே சொல்லலாம். கடைவாயில் அப்படிச் சொல்வது அரிது. நம் தீர்மானப் புத்தகத்தில் அழகு என்று எழுதியது எவ்வளவு பெரிய அறியாமை என்று இப்போது புரிகிறது.

கேப்பில் வெறும் உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், ஸிர்கோனியா என வகைகள் உண்டு. வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு விலை குறைந்த உலோகக் கேப்பே உறுதியாக உழைக்கும். விலை உயர்ந்ததைத்தான் போட வேண்டும் என்றில்லை. டாக்டரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: "குழாய் வேலை, அடைப்பு, கேப், எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" பலர் வேர் சிகிச்சையின் தொகையை மட்டும் கேட்டு வந்துவிடுகிறார்கள். கேப்பின் தொகை அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பது பின்னால்தான் தெரிகிறது.

"இவ்வளவு செலவுக்குப் பிடுங்கிவிட்டால் என்ன?" என்று வாப்பாமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிடுங்குவது உடனடியாக மலிவு. ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் நீளும். ஒரு பக்கமாகவே மென்று பழகிவிடும். செயற்கைப் பல் வைத்தால் வேர் சிகிச்சையை விடச் செலவு கூடும். வேர் பிளந்த பல், ஈறுநோயால் ஆடும் பல், சுவரே மிஞ்சாத பல் ஆகியவற்றைப் பிடுங்குவதுதான் சரி. அதை நேர்மையான டாக்டர் மறைக்க மாட்டார். எல்லாம் முறையாகச் செய்தாலும் சில வேர் சிகிச்சைகள் தோற்பதுண்டு. பத்தில் எட்டு ஒன்பது பற்கள் பல ஆண்டுகள் நின்று உழைக்கின்றன. தோற்ற பல்லுக்கும் மறு சிகிச்சை உண்டு. வேர் நுனியில் அரித்த எலும்பு திரும்ப வளர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே ஆறு மாதம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் பணம் பறிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போகும் என்று நம் கிழவிகள் சொல்வது ஆதாரமற்றது. பல் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. வேர் சிகிச்சை செய்த பல் உடம்பெங்கும் நோயைப் பரப்பும் என்ற வீடியோக்களும் சுற்றுகின்றன. 1920களில் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் பரப்பிய கருத்து அது. அவருடைய சோதனைகள் சரியாகச் செய்யப்பட்டவையல்ல என்று பின்வந்த ஆய்வுகள் காட்டி, மருத்துவ உலகம் அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. செல்போனில் வந்தால் எல்லாம் புதிய செய்தியாகிவிடுகிறது.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வழக்கமான மருந்தும் உணவும் எடுத்துக்கொண்டு காலை நேரத்தில் போவது நல்லது. பல்லில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுப்படாது, சர்க்கரை கட்டுப்படாவிட்டால் சீழ் ஆறாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பிடுங்குவதைவிட வேர் சிகிச்சையில் இரத்தப் போக்கு மிகக் குறைவு, பெரும்பாலும் நிறுத்தாமலே செய்வார்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு முன்கூட்டியே மருந்து தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கு நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். ஆனால் சீழும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமானாலும் வைத்தியம் செய்யத்தான் வேண்டும். மரத்துப் போகும் ஊசியால் பிள்ளைக்குக் கெடுதல் என்று மாமிமார்கள் தடுப்பது சரியல்ல.

ரமலானில் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பல்லைக் குடைவது, பிடுங்குவது, சுத்தம் செய்வது ஆகியவற்றால், தொண்டைக்குள் போவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால், நோன்பு முறியாது என்று தீர்மானித்திருக்கிறது. இருந்தாலும் வேர் சிகிச்சையில் நீர் நிறையப் பயன்படுவதால் இஃப்தாருக்குப் பிறகு நேரம் வாங்கிக்கொள்வதே நிம்மதி. வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் தள்ளிப் போட வேண்டாம். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகை இருக்கிறது. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேப் போட்டால் கடமையான குளிப்பு கூடுமா என்பது இன்னொரு கேள்வி. ஹனஃபி மத்ஹபில் அந்தக் குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு என்பதால் இந்த ஐயம் எழுகிறது. ஷாஃபியில் அது ஸுன்னத்து. நிலையாக ஒட்டப்பட்ட கேப்பும் அடைப்பும் பல்லின் பாகமாகவே கணக்கு, அதன் மேல் நீர் பட்டால் போதும் என்பதே ஆலிம்கள் தரும் விளக்கம். கழற்றி மாட்டும் செட் பல்லைக் கழற்றிக் கொப்பளிக்க வேண்டும்.

யாரிடம் போவது?

பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண் கிளினிக்கில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் கேட்கலாம், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சிக்கலான கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சையிலேயே எம்.டி.எஸ். செய்தவரிடம் அனுப்புவார்கள்.

2023இல் வாணியம்பாடியில் நடந்ததை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி அது. சரியாகக் கையாளாத, திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியாகப் பரவியது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பல் டாக்டரிடமே போக வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கி, உங்கள் கண்முன் உறையைப் பிரித்து எடுக்கிறார்களா, ஊசியும் கையுறையும் புதிதா என்று பாருங்கள். மனம் ஒப்பாவிட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து வரலாம்.

பணமில்லாதவர்களுக்கு நல்ல வழிகள் உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நமக்குச் சிதம்பரம் பக்கம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியில் உள்ள கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் ஒவ்வொரு தடவையும் நேரம் பிடிக்கும், தடவைகளும் கூடும். தையல், கடை என்று நாள்கூலியை விட்டுப் போகிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்லி முடிக்கிறோம். ஆறு வயதில், பால் பல் ஒன்றும் விழாமலே, வாயின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். கீழே இரண்டு, மேலே இரண்டு. இவை விழுந்து முளைக்காத நிலையான பற்கள். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று உம்மாமார்கள் சொத்தையைக் கண்டுகொள்ளாமல் விடுவது பெரும்பாலும் இந்தப் பல்லில்தான். பத்து பன்னிரண்டு வயதில் வேர் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கும் இதே பல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயை இன்று இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் வலி வருவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போங்கள்.

கமிட்டியின் சென்ற கூட்டத்தில் பழைய தீர்மானத்தை ரத்து செய்துவிட்டோம். கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு உதவி கேட்பவர்களுக்கு இனிக் கேப்பின் தொகையும் சேர்த்தே பரிசீலிக்கப்படும். டாக்டர் எழுதிய மொத்தத் தொகைச் சீட்டு, எக்ஸ்ரே, குடும்ப அட்டை நகல் ஆகியவற்றோடு திங்கள், வியாழன் அஸருக்குப் பிறகு அலுவலகம் வரலாம். பணம் இரண்டு தவணையாக, கேப் போட்ட பிறகு இரண்டாவது தவணை, நேரே கிளினிக்குக்குச் செலுத்தப்படும். அந்தச் சகோதரிக்குச் செயற்கைப் பல் வைக்கும் செலவை அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டிருக்கிறது.